வாற்றும் வார்த்தையும்

இல்லத்திலே ஒரு சிறு திரையரங்கு அமைக்க விரும்பும் அன்பர்கள் கடையில் நுழைந்ததும் முதலில் வினவுவது, "இது எத்தனை வாற்று?" என்பதேயாகும். கடைக்காரரும் அக்கேள்வியை எதிர்பார்த்தே நிற்பார். நூறு என்பார், விலை கூடியதொன்றைக் காட்டி நூற்றைம்பது என்பார், அதற்கும் அப்பால், தனியே ஒரு விரியலாக்கியை வாங்கி இணைத்தால் இருநூறு, முந்நூறு என்பார். எண் ஏற ஏற விலையும் ஏறும். அரிசி வாங்குபவர் நிறையைக் கேட்பதிலும், துணி வாங்குபவர் நீளத்தைக் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஒலியை வாற்றுக் கணக்கில் வாங்க முற்படுவதோ, கச்சேரிக்குப் போகின்றவர் வித்துவானின் உடல் நிறையை விசாரிப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வாரம் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. எமக்கு நன்கு அறிமுகமான அன்பர் ஒருவர், அண்மையில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கைக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கியிருந்தார். அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு றிசீவரும் ஐந்து ஒலிபெருக்கிகளும் இருக்கின்றன. அவருடைய தாயார் எண்பது வயதைக் கடந்தவர். பேரப்பிள்ளைகளோடு படம் பார்க்க ஆசையாய் வந்து அமர்வார். சிறிது நேரத்தில், "பேசுறது ஒண்டும் விளங்கேல்லைத் தம்பி" என்று சொல்லி எழுந்து போய்விடுவார். ஒலியைக் கூட்டினால் வெடிச்சத்தம் யன்னல்களை அதிரச் செய்கின்றது. குறைத்தால் பேச்சு மறைந்துவிடுகின்றது. இதற்குக் கடையிலே சொல்லப்பட்ட மருந்து, இருப்பதை நீக்கிவிட்டு உயர்தரமான பெரிய றிசீவர் ஒன்றும், வலுமிக்க தனி விரியலாக்கி ஒன்றும் வாங்குதல் என்பதாகும். பணத்தைக் கொடுக்குமுன் எம்மிடம் கேட்டார். அவர் கேட்ட கேள்வியைப் பலரும் கேட்கக் கூடுமாதலின், சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

றிசீவர் என்னும் பெட்டி மூன்று தொழில்களைச் செய்கின்றது. தொலைக்காட்சியிலிருந்தும் இறுவட்டுக் கருவியிலிருந்தும் வரும் சமிக்ஞைகளை வாங்குவது முதலாவது. அவற்றிலே பொதிந்துள்ள ஒலியைப் பிரித்து, இது நடுவுக்கு, இது இடப்புறத்துக்கு, இது பின்புறத்துக்கு எனத் தடம் தடமாகப் பங்கிடுவது இரண்டாவது. பங்கிட்டவற்றை ஒலிபெருக்கியை அசைக்கும் அளவுக்கு வலுப்படுத்துவது மூன்றாவது. இம்மூன்றாவது தொழிலைச் செய்யும் பகுதியே விரியலாக்கி. கடையிலே அம்பிளிபயர் என்பர். மூன்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்தால் றிசீவர். மூன்றாவதை மாத்திரம் வெளியே எடுத்து வேறொரு பெட்டியாக்கினால் அது தனி விரியலாக்கி. கேள்வி யாதெனின், இவ்வாறு பிரித்து வாங்குவதால் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது என்ன என்பதே.

இனி வருவது மாணவர்களுக்குப் பாடம். பெற்றோருக்குச் சற்றுப் பொறுமை வேண்டும்.

நமது செவி ஒலியைக் கூட்டல் முறையிலே அளப்பதில்லை. பெருக்கல் முறையிலே அளக்கின்றது. ஆகையால் ஒலிமட்டத்தை மடக்கை முறையில் அமைந்த டெசிபெல் என்னும் அளவால் குறிக்கின்றோம். வலு இருமடங்கானால் ஒலிமட்டம் ஏறக்குறைய 3 டெசிபெல் மாத்திரமே உயரும். வலு பத்து மடங்கானால் 10 டெசிபெல் உயரும். அப்பொழுதுதான் கேட்பவருக்கு ஒலி ஏறத்தாழ இருமடங்கு உரத்துக் கேட்பதாகத் தோன்றும். அதாவது 100 வாற்றுக் கருவியை விட்டு 200 வாற்றுக் கருவிக்குப் போகின்றவர் இரண்டு பங்கு ஒலியைப் பெறுவதில்லை. "சற்றுக் கூடியிருக்கின்றது" என்று சொல்லத்தக்க அளவையே பெறுகின்றார். உண்மையில் இருமடங்கு உரப்பு வேண்டுமாயின் 1000 வாற்று வேண்டும்.

ஒலிபெருக்கி ஒவ்வொன்றுக்கும் உணர்திறன் என்றோர் எண் உண்டு. வாற்றைப் பற்றி விசாரிப்பவர்களில் இதனைக் கேட்பவர் மிகச் சிலரே. 1 வாற்றை ஊட்டி 1 மீற்றர் தொலைவில் நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதே அது. வீட்டுக்குரிய ஒலிபெருக்கிகளிலே 87 என்பது வழக்கமான ஓர் அளவு. அத்தகைய ஒலிபெருக்கியிலிருந்து 3 மீற்றர் தள்ளி அமர்ந்திருப்பவரை எண்ணுங்கள். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும்; 3 மீற்றருக்கு ஏறக்குறைய 10 குறையும். எனவே 1 வாற்றுக்கு அவர் செவியில் விழுவது 77 டெசிபெல். அறைச்சுவர்கள் திருப்பித் தருவதையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும், அதனை விட்டுவிடுவோம். படத்திலே இருவர் உரையாடும் காட்சி வீட்டிலே 65 டெசிபெல் அளவிற் கேட்டால் போதுமானது. 77இலிருந்து 65க்கு 12 டெசிபெல் குறைவு. அதற்கு வேண்டிய வலு ஒரு வாற்றிலே பதினாறில் ஒரு பங்கு. நமது பழைய வாய்பாட்டின்படி வெறும் மாகாணி!

மாகாணி வாற்றிலே கேட்கும் பேச்சு விளங்கவில்லை என்பதற்காக முந்நூறு வாற்று வாங்குவதில் என்ன பொருத்தம் இருக்கின்றது?

அப்படியாயின் பெரிய விரியலாக்கிகள் எல்லாம் வீண் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. படத்திலே பேச்சு மாத்திரமா இருக்கின்றது? இடி விழும் கணத்தில், ஒரு நொடியிலும் குறைந்த நேரத்துக்கு, ஒலி 20 அல்லது 30 டெசிபெல் மேலே பாயும். 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு வலு. மேலே சொன்ன ஒலிபெருக்கிக்கு 100 வாற்றை ஊட்டினால் இருக்கையில் 97 டெசிபெல் கிடைக்கும். வீட்டுக் கூடத்திலே இது போதும் என்பதே எமது கருத்து. திரையரங்குகளுக்கு வகுக்கப்பட்ட அளவின்படி முதன்மையான ஒவ்வொரு தடத்தின் உச்சமும் 105 டெசிபெல் வரை செல்லலாம். ஆனால் அந்த அளவில் வீட்டிலே படம் பார்க்கும் குடும்பம் எதையும் யாம் கண்டதில்லை. கண்டிருந்தால் அயலவர்களின் முகத்தையும் சேர்த்தே கண்டிருப்போம். அன்றியும், 80 ஹேர்ட்ஸ் மீடிறனுக்குக் கீழ்ப்பட்ட பேரொலிகளைச் சப்வூபர் என்னும் தாழொலிப் பெட்டி ஏற்றுக்கொள்ளும்படி செய்வதே இன்றைய வழக்கம். அப்பெட்டிகள் பெரும்பாலும் தமக்குரிய விரியலாக்கியைத் தம்முள்ளேயே கொண்டிருக்கின்றன. ஆகவே மிகப் பாரமான சுமை றிசீவரின் தோளில் இருந்து ஏற்கெனவே இறக்கப்பட்டுவிடுகின்றது.

பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்புவதிலும் நிதானம் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவிலே விற்பனையாளர்கள் மனம்போன போக்கில் வாற்றுக்களை அள்ளி வீசியமையால், 1974ஆம் ஆண்டில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் இதற்கென ஒரு விதியே வகுக்க நேர்ந்தது. எண்ணுக்குப் பக்கத்திலே சிறிய எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். எத்தனை ஓம் தடையில், எந்த மீடிறன் எல்லைக்குள், எவ்வளவு திரிபுடன், எத்தனை தடங்கள் ஒருங்கே இயங்கும்போது அளந்தது என்று அங்கே இருக்கும். 8 ஓம், 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை, திரிபு நூற்றுக்கு 0.05, இரண்டு தடங்கள் இயங்கும்போது 105 வாற்று என்பது நேர்மையான கூற்று. டெனன் நிறுவனத்தின் எக்ஸ் 3800 எச் என்னும் றிசீவருக்கு அவ்வாறே கூறப்பட்டுள்ளது. 6 ஓம், 1000 ஹேர்ட்ஸ் ஒன்றிலே மாத்திரம், திரிபு நூற்றுக்கு 10, ஒரு தடம் இயங்கும்போது என்று எழுதிவிட்டு அருகே பெரிய எண்ணைப் போட்டிருந்தால், அது கண்ணுக்கு இடப்பட்ட மை. நூற்றுக்குப் பத்துத் திரிபுள்ள ஒலியை எவரும் ஒரு நிமிடம் விரும்பிக் கேட்கமாட்டார்கள்.

நேர்மையான கூற்றிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த றிசீவரிலே ஒன்பது தடங்களுக்கு விரியலாக்கிகள் உள்ளன; ஒன்பதுக்கும் ஊட்டுவது ஒரே மின்வழங்கிதான். இரண்டு தடங்களுக்கு 105 என்றால் ஒன்பதுக்கும் ஒருங்கே 105 என்று பெருக்கிக்கொள்ளலாகாது. குடும்பத் தலைவர் ஒருவருடைய சம்பளத்தை ஒன்பது பிள்ளைகளுக்கும் தனித்தனியே முழுமையாகக் கணக்கிடுவது போன்றது அது. ஆயினும் படத்திலே ஒன்பது தடங்களும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவது அரிதாகையால், இக்குறை அன்றாட வழக்கிலே பெரிதாகத் தெரிவதில்லை.

தனி விரியலாக்கி உண்மையிலே வேண்டப்படும் இடங்கள் இவை: ஒலிபெருக்கியின் தடை 4 ஓம் அளவிலோ அதற்குக் கீழோ இறங்குமாயின், அதே அழுத்தத்தில் 8 ஓம் ஒலிபெருக்கி இழுப்பதைப்போல இருமடங்கு மின்னோட்டத்தை அது இழுக்கும், சாதாரண றிசீவர் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். உணர்திறன் 83, 84 என்று தாழ்ந்திருப்பினும், அறை மிகப் பெரிதாய், இருக்கை ஐந்தாறு மீற்றர் தள்ளியிருப்பினும் அவ்வாறே. வலு போதாத விரியலாக்கியை வற்புறுத்தி உரக்க இயக்கினால் அலையின் தலை வெட்டுண்டு போகும். அவ்வாறு வெட்டுண்ட அலை உச்சத்தொனி தரும் சிறு ஒலிபெருக்கியைச் சுட்டுவிடவும் கூடும். இத்தகைய நிலையில் உள்ளவர் தயங்காமல் வாங்கலாம். அவர்கூட முன்னணியில் உள்ள மூன்றுக்கு மாத்திரம் தனி விரியலாக்கி வைத்துக்கொண்டு, மற்றவற்றை றிசீவரிடமே விட்டுவிடலாம்.

எமது அன்பரின் வீடு இவற்றுள் எதிலும் அடங்கவில்லை. கூடம் 5 மீற்றர் நீளம், ஒலிபெருக்கிகள் 8 ஓம், உணர்திறன் 88. ஆகவே வாற்றை மறந்துவிட்டு வார்த்தையைத் தேடினோம்.

படங்களில் உரையாடலின் பெரும்பகுதி நடுத்தடத்திலேயே பதிவு செய்யப்படுகின்றது. அப்படியாயின் நடு ஒலிபெருக்கியே வீட்டில் மிக மேலான இடத்தைப் பெற வேண்டும். அன்பர் வீட்டிலோ அது தொலைக்காட்சி மேசையின் கீழ்த்தட்டில், இரு பூச்சாடிகளுக்குப் பின்னால், பார்ப்பவர்களின் முழங்காலை நோக்கி நின்றது! தரையெங்கும் வழுவழுப்பான ஓடு, வெறுஞ் சுவர்கள், கண்ணாடி யன்னல்கள். அத்தகைய அறையில் ஒரு சொல் செவியை அடைந்து முடியுமுன் அதன் எதிரொலிகள் அடுத்த சொல்லின்மேல் வந்து விழும். ஒலியைக் கூட்டினால் சொல்லும் கூடும். அதனை மறைக்கும் எதிரொலியும் அதே அளவு கூடும்.

முதுமையின் இயல்பையும் இவ்விடத்தில் அறிதல் வேண்டும். வயது ஏறும்போது செவி முதலில் இழப்பது உயர்ந்த மீடிறன்களை. நமது பேச்சிலே உயிரெழுத்துக்களின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த மீடிறன்களில் அமையும். க, ச, த, ப என்னும் மெல்லிய வெடிப்பும் உரசலும் உயர்ந்த மீடிறன்களிலே தங்கியுள்ளன. ஆதலால் முதியவர்களுக்குப் பேச்சு கேட்கும், ஆனால் விளங்காது. "கேக்குது, விளங்கேல்லை" என்று அவர்கள் சொல்வது பிடிவாதமன்று, பௌதிகவியல். பதம், சதம், கதம் மூன்றும் அவர்களுக்கு ஒன்றாகவே ஒலிக்கும். இதனை அறியாமல் பிள்ளைகள் கத்திப் பேசுவதும், அவர்கள் மனம் நொந்து அறைக்குள் போய்விடுவதும் எத்தனை வீடுகளில் நடக்கின்றன!

செய்தவை மிகச் சில. நடு ஒலிபெருக்கியை மேல்தட்டுக்கு ஏற்றி, தட்டின் விளிம்புவரை முன்னே இழுத்து, அமர்ந்திருப்பவர்களின் செவியை நோக்கிச் சற்றே நிமிர்த்தினோம். இருக்கைக்கும் திரைக்கும் நடுவே தடித்த கம்பளம் ஒன்றை விரித்து, யன்னல்களுக்குக் கனமான சீலை தொங்கவிட்டோம். றிசீவரின் அமைப்புப் பட்டியலிலே நடுத்தடத்தின் அளவை மாத்திரம் 3 டெசிபெல் உயர்த்தினோம். பெரிய ஒலிகளை அடக்கிச் சிறிய ஒலிகளை உயர்த்தும் வசதி ஒன்று, இரவு வேளைக்கென்று, அநேகமாக எல்லா றிசீவர்களிலும் உண்டு, அதனையும் இயக்கினோம். கம்பளத்துக்கும் சீலைக்கும் சென்ற பணத்தைத் தவிர வேறு செலவில்லை. தாயாரைச் செவி வைத்தியரிடம் அழைத்துச் செல்லும்படியும் சொன்னோம். ஒதுக்கிய பணத்திலே முதற் பங்கு அதற்கே உரியது. இப்பொழுது அவர் பாதிப் படம்வரை இருக்கின்றாராம். மீதி நேரம் அவருக்கு உறக்கம் வரும் நேரம்.

புதிதாக வாங்கியே தீரவேண்டியவர்களும் இருப்பார்கள். அவர்கள் ஒலிபெருக்கியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரவேண்டும், றிசீவர் கடைசி. பணத்தில் பெரும்பங்கை முன்னணி மூன்றுக்கும் தாழொலிப் பெட்டிக்கும் செலவிடுக. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் டொல்பி அட்மொஸ் முறை 2012இல் திரையரங்குகளிலும் 2014இல் வீடுகளிலும் புகுந்தது. அது வந்தபின் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று தடங்களின் எண்ணிக்கையே புதிய மயக்கமாகிவிட்டது. சிறிய கூடத்தில் பதினொரு மலிவான பெட்டிகளைத் தொங்கவிடுவதிலும் ஐந்து நல்லவற்றை ஒழுங்காக வைப்பது மேல் என்பது எமது துணிபு.

றிசீவரிலே பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது, அறையின் குறையை அளந்து திருத்தும் வசதி. சிறு ஒலிவாங்கி ஒன்றை இருக்கையில் வைத்தால், கருவி தானே ஒலியெழுப்பி, அளந்து, தொலைவையும் மட்டத்தையும் சரிசெய்துகொள்ளும். டெனன், மராண்ட்ஸ் ஆகியவற்றில் ஓடிசி என்றும், யமஹாவில் வைப்பாவோ என்றும், கனடா நாட்டு அன்தம் கருவிகளில் ஏ.ஆர்.சி. என்றும் அதற்குப் பெயர்; சுவீடன் நாட்டு டிராக் என்னும் முறை பல நிறுவனங்களின் கருவிகளில் உண்டு. இரண்டாவது, எல்லாத் தடங்களுக்கும் வெளியே விரியலாக்கி பூட்டத்தக்க முன்வெளியீட்டுத் துளைகள். அவை இருந்தால் தனி விரியலாக்கி பற்றிய முடிவை இன்றைக்கே எடுக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கி கேட்கும் நாளில் எடுக்கலாம். மூன்றாவது, தொலைக்காட்சியின் ஒலியை முழுத்தரத்தில் றிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஈ-ஆர்க் என்னும் இணைப்பு. அது தொலைக்காட்சியிலும் இருக்க வேண்டும்.

எக்கருவியாலும் முற்றாகத் திருத்த முடியாதது அறையின் நீள அகலம். ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 344 மீற்றர். 5 மீற்றர் நீளமான அறையிலே 34 ஹேர்ட்ஸ் அளவில் பரிவு ஏற்பட்டு, அந்த ஒரு தொனி சுவரோரத்தில் பேயாக முழங்கும், நடுவிலே மங்கிப்போகும். நீளமும் அகலமும் சமமான சதுர அறையில் இத்தொல்லை இரட்டிக்கும். தாழொலிப் பெட்டியை இருக்கையிலேயே வைத்து இயக்கிவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து சென்று, எந்த இடத்தில் ஒலி சீராகக் கேட்கின்றதோ அந்த இடத்தில் பெட்டியை வைப்பது ஒரு நல்ல முறை. தந்தையார் தவழ்வதைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒலிபெருக்கிக் கம்பிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி 10 மீற்றர் தூரம் போய் மீண்டு வந்தாலும் அதன் தடை 0.14 ஓம் மாத்திரமே. 8 ஓம் முன்னே அது ஒரு பொருட்டன்று.

இறுதியாக, வெளிநாட்டு உறவினர் அனுப்பும் கருவிகளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நமது மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். இலண்டனிலிருந்து வருவது பெரும்பாலும் இதற்கு ஒத்துவரும். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருவது 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸுக்கு உரியது. யப்பானின் உள்நாட்டுக் கருவி 100 வோல்ற்றுக்கு உரியது. முனைச்செருகியை மாத்திரம் மாற்றிச் சுவரிலே பொருத்தினால், அன்போடு அனுப்பிய பொருள் ஒரு புகையோடு முடிந்துவிடும். அழுத்தத்தைக் குறைக்கும் நிலைமாற்றி ஒன்றை இடையே வைக்கலாம். அது அழுத்தத்தைக் குறைக்குமேயன்றி மீடிறனை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கு மாத்திரம் அமைந்த கருவி 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். ஆகவே அனுப்புமுன்னரே கருவியின் பின்புறத்தில் எழுதியுள்ளதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். தாழொலிப் பெட்டிக்கும் தனி மின்கம்பி உண்டாதலின் அதனையும் பாருங்கள்.

வாங்கியபின் மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். மூடிய அலுமாரிக்குள் வைத்தால் வெப்பம் வெளியேறாது. பருவமழைகளின் இடைக்காலத்தில், சித்திரையிலும் ஐப்பசியிலும், பிற்பகல் இடிமுழக்கம் தொடங்கியதும் மின்செருகியையும் தொலைக்காட்சிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். பல்லியும் எறும்பும் இளஞ்சூடான இடத்தை நாடும். கருவியின் அருகே பலகாரத் தட்டை வைக்க வேண்டாம்.